கட்சி மாற்றமும் மக்கட் பிரதிநிதியின் குரலும்: பழ. கருப்பையாவின் அரசியல் வாழ்வை முன்வைத்து ஒரு நோக்கு

இந்திய அரசியலில் கட்சி மாறுதல் பெரும்பாலும் தனிமனித ஒழுக்கம் சார்ந்த பிரச்சினையாகவே நோக்கப்பட்டு வந்துள்ளது. 1967இல் ஹரியானா சட்டசபை உறுப்பினர் கயா லால் இரு வாரங்களுக்குள் மும்முறை கட்சி மாறியமை இந்நோக்கிற்கு வலுவூட்டிற்று. ஆயினும், பதவி நாடி மாறுபவரையும் கருத்து வேறுபாட்டால் வெளியேறுபவரையும் ஒரே அளவுகோலால் அளத்தல் பொருந்துமா என்பது ஆராயத்தக்கது. எழுத்தாளரும் மேடைப் பேச்சாளருமான பழ. கருப்பையாவின் அரசியல் வாழ்வு இவ்வினாவைக் கூர்மையாக எழுப்புகின்றது.

வேறு கட்சிகளிலும் இருந்து வந்த இவர், 2011ஆம் ஆண்டுத் தேர்தலில் சென்னைத் துறைமுகம் தொகுதியில் அ.தி.மு.க. சார்பிற் போட்டியிட்டுத் தெரிவானார். 2016 ஜனவரியில், பொதுமேடையொன்றில் தமது கட்சியின் ஆட்சியையே விமர்சித்ததைத் தொடர்ந்து கட்சியினின்று நீக்கப்பட்டார். உடனடியாகச் சட்டசபை உறுப்பினர் பதவியையும் துறந்தார். பின்னர் தி.மு.க.வில் இணைந்து, 2019 டிசம்பரில் அதிலிருந்தும் விலகினார். 2021இல் மக்கள் நீதி மய்யத்தின் வேட்பாளராகத் தியாகராய நகரிற் போட்டியிட்டுத் தோல்வியுற்றார்.

இவரது பதவித் துறப்பின் பொருளை விளங்கிக்கொள்வதற்குச் சட்டநிலையை அறிதல் அவசியமாகும். 1985ஆம் ஆண்டின் 52ஆவது அரசியலமைப்புத் திருத்தம் பத்தாவது அட்டவணையைச் சேர்த்தது. இதன்படி, கட்சி உறுப்புரிமையைத் தாமாகக் கைவிடுபவரும், கட்சிக் கொறடாவின் கட்டளைக்கு மாறாக வாக்களிப்பவரும் பதவியிழப்பர். கட்சியால் நீக்கப்பட்டவரின் நிலை யாது? 1991இல் தெரிவான அ.தி.மு.க. உறுப்பினர் இருவர் 1994இல் நீக்கப்பட்டு ம.தி.மு.க.வில் இணைந்தனர், 1995இல் சபாநாயகர் அவர்களது பதவியைப் பறித்தார். நீக்கப்பட்டவரும் தம்மை நிறுத்திய கட்சியைச் சார்ந்தவராகவே கருதப்படுவர் என்றும், வேறு கட்சியிற் சேர்ந்தால் பதவியிழப்பர் என்றும் 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே கட்சி ஓர் உறுப்பினரைக் கைவிடலாம். ஆனால் அவரோ பதவியில் இருந்துகொண்டு வேறு கட்சியை நாட இயலாது.

கருப்பையா பதவியுடன் கட்சி மாறவில்லை. பதவியை விட்டே மாறினார். மக்கள் ஒரு கட்சியின் பெயரால் அளித்த ஆணையை அவர் பிறிதொரு கட்சிக்குக் கொண்டு செல்லவில்லை. கயா லாலிடமிருந்து அவரை வேறுபடுத்துவது இதுவேயாகும். சட்டசபையின் ஆயுட்காலம் முடியச் சில மாதங்களே எஞ்சியிருந்தன என்பதால் இத்துறப்பின் இழப்புச் சிறிதே என வாதிடலாம். அவ்வாதத்தை முற்றாக மறுத்தல் இயலாது. எனினும் துறப்பு விதியன்று, விதிவிலக்கே என்பதையும் மறத்தலாகாது.

இவ்வரலாறு உணர்த்தும் உண்மை பிறிதொன்றாகும். கட்சித் தாவற் சட்டம் ஆசனங்களின் விற்பனையைக் கட்டுப்படுத்த முனைந்தது. ஆனால் கட்சிகளுக்குள் ஜனநாயகத்தை அது தோற்றுவிக்கவில்லை. மாறாக, தலைமையின் கரங்களை அது வலுப்படுத்தியது எனலாம். உட்கட்சி விவாதத்துக்கு இடமில்லாதவிடத்து, வெளிப்படையாகப் பேசும் உறுப்பினர் முன் மௌனம், வெளியேற்றம் என்னும் இரு வழிகளே எஞ்சுகின்றன. இத்தகையோர் மீண்டும் மீண்டும் கட்சி மாறுதற்கு அவர்தம் இயல்பு மட்டுமன்றி, கட்சிகளின் அமைப்பும் காரணமாகும். ஆகவே ஒருவர் எத்தனை முறை மாறினார் என்பதிலும், எதனைக் கொண்டு சென்றார், எதனை விட்டுச் சென்றார் என்பதே மதிப்பீட்டுக்குரிய அளவுகோலாதல் வேண்டும்.