தாய் பேசிய மொழி

கொச்சியை அடுத்த வைப்பினில் 2010 ஆகஸ்ட் 20 அன்று வில்லியம் ரொசாரியோ இறந்தார். போர்ச்சுக்கீசியர் வந்த பின் அந்தக் கரையில் உருவான கிரியோலை, அதாவது மொழிகள் கலந்து பிறந்து பிள்ளைகளுக்குத் தாய்மொழியாகிவிட்ட பேச்சை, அங்கே சரளமாகப் பேசிய கடைசி ஆள் அவர். கொச்சியை டச்சுக்காரர் பிடித்தது 1663இல். ஆள்பவர் மாறிய பின்னும் 347 ஆண்டுகள் தாங்கிய மொழி, பிள்ளைகளிடம் பேசுவது நின்றதைத் தாங்கவில்லை.

அதன் உறவுமொழி இலங்கையில், போர்ச்சுக்கீசிய வழிவந்த மட்டக்களப்புப் பறங்கியர் வீடுகளில் இன்னும் இருக்கிறது. பேசுவோரில் பெரும்பாலோர் முதியவர்கள். அங்கே அதை விழுங்கிவருவது தமிழ்.

தமிழின் நடுவே வாழும் மொழிகள் தமிழ்நாட்டிலும் உண்டு. காஞ்சிபுரத்துக்கு மேற்கே திருப்புட்குழி, கிழக்கே ஐயம்பேட்டை. இந்த வட்டாரத்து நெசவாளர் வீடுகளில் தமிழோடு தெலுங்கு, கன்னடம், சௌராஷ்டிரம் மூன்றும் உண்டு. முதல் இரண்டுக்கும் வேறு மாநிலங்கள் இருக்கின்றன. குஜராத்திலிருந்து பட்டு நெசவாளரோடு தெற்கே வந்த சௌராஷ்டிரத்துக்கு வீடு மட்டுமே.

கோர்வைச் சேலைக்குத் தறியில் இரண்டு பேர் வேண்டும். உடலை ஒருவர் நெய்ய, ஒரு பக்கக் கரையின் நாடாவை மற்றவர் தள்ளுவார். முன்பு பல வீடுகளில் அந்த இரண்டாம் ஆள் வீட்டுப் பிள்ளை. நாள் முழுக்கப் பெரியவர் பேச்சு காதில் விழும். பிள்ளைகள் தறியை விட்டுப் பள்ளிக்குப் போனார்கள்; போக வேண்டியதும் அங்கேதான். பள்ளியில் நடப்பது தமிழும் ஆங்கிலமும்.

சௌராஷ்டிரத்துக்குத் தனி எழுத்து உண்டு. 2008இல் அது யூனிகோடில் சேர்ந்தது. மக்கள்தொகைக் கணக்கில் அதைத் தாய்மொழி என்றவர்கள் 2001இல் 1,85,420 பேர். 2011இல் 2,47,702 பேர். மூன்றில் ஒரு பங்கு ஏற்றம்.

ஆனால் கணக்கெடுப்பில் தாய்மொழி என்பது, ஒருவருக்குச் சிறு வயதில் அவருடைய தாய் பேசிய மொழி. அவர் தம் பிள்ளையிடம் எதில் பேசுகிறார் என்பது அதில் பதிவாவதில்லை. வீட்டில் இன்று பேச்சு நின்றால், பெற்றோர் இருக்கும்வரை அவர்கள் பெயரில் எண்ணிக்கை நிற்கும். சரிவு தெரியும்போது கற்றுக்கொடுக்க ஆள் இருக்காது.

யுனெஸ்கோவின் அளவுகோல் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பதில்லை; வயதையும் பார்க்கிறது. பிள்ளைகள் வீட்டில் கற்காத மொழி ஆபத்தில் உள்ளது. தாத்தா பாட்டியோடு நின்றுவிட்டால் கடும் ஆபத்து. இரண்டு படிகளுக்கும் இடையே ஒரே தலைமுறை.

2011க்குப் பிறகு புதிய மொழிக் கணக்கு வெளிவரவில்லை. அன்று பத்து வயதாக இருந்த பெண்கள் இப்போது தாயாகும் வயதில் இருக்கிறார்கள்.