வயலில் பழகி வரும் பந்தயக் குதிரைகள்

லிட்டில் இந்தியாவின் ரேஸ் கோர்ஸ் ரோட்டுக்கு இன்று பலர் போவது மீன்தலைக் கறி சாப்பிடத்தான். அதையொட்டியுள்ள ஃபேரர் பார்க்கில் 1843 பிப்ரவரி 23ஆம் தேதி சிங்கப்பூரின் முதல் குதிரைப் பந்தயம் நடந்தது. பரிசு 150 வெள்ளி. வென்றவர் டபிள்யூ. எச். ரீட் என்ற வணிகர். முந்தைய ஆண்டு பந்தய மன்றத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான அவரே குதிரையையும் ஓட்டினார். பிழைப்புக்காக அல்ல, ஆசைக்காக ஓட்டியவர்.

181 ஆண்டுகள் கழித்து, 2024 அக்டோபர் 5ஆம் தேதி கிராஞ்சி மைதானத்தில் சிங்கப்பூரின் கடைசிப் பந்தயம் நடந்தபோது ஓட்டியவர்கள் உரிமம் பெற்ற ஜாக்கிகள். ஆசைக்கு ஓட்டுபவருக்கு அங்கே எப்போதோ இடமில்லாமல் போயிருந்தது. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் கதை வேறு. அங்கே வேலி தாண்டும் தொழில்முறைப் பந்தயத்துக்குக் குதிரையும் ஜாக்கியும் பெருமளவு வந்து சேர்வது ‘பாயிண்ட்-டு-பாயிண்ட்’ எனப்படும் அமெச்சூர் ஓட்டங்களிலிருந்துதான்.

அது என்ன ஓட்டம்?

1752இல் அயர்லாந்தின் கார்க் வட்டாரத்தில் இருவர் பந்தயம் கட்டினார்கள். பட்டிவந்த் ஊர்த் தேவாலயத்திலிருந்து டோனரைல் தேவாலயக் கோபுரத்தைக் குறிவைத்து, குறுக்கே வரும் வேலி, வாய்க்கால் எல்லாவற்றையும் தாண்டிக் குதிரையை விரட்டினார்கள். தூரம் சுமார் 7 கிலோமீட்டர். வேலி தாண்டும் பந்தயத்துக்கு மூலமாக இதைச் சொல்வார்கள்.

இன்றைய பாயிண்ட்-டு-பாயிண்டில் ஊர்விட்டு ஊர் ஓடுவதில்லை. பெரும்பாலும் விவசாய நிலத்தில் சுற்றுப்பாதை அமைத்து, குச்சிகளை நெருக்கிக் கட்டிய வேலிகளை நிறுத்துகிறார்கள். வழக்கமான தூரம் 3 மைல், அதாவது சுமார் 4.8 கிலோமீட்டர். ஏற்பாடு செய்வது உள்ளூர் வேட்டைக் குழுக்கள். வேலை பார்ப்பவர்களில் பலர் தொண்டூழியர்கள். ஜாக்கிக்குச் சவாரிக் கூலி கிடையாது.

குதிரைக்கு இந்தப் படி எதற்கு?

சமதளப் பந்தயக் குதிரை இரண்டு வயதிலேயே களமிறங்கிவிடும். தாண்டும் குதிரைக்கு அந்த அவசரம் ஆகாது. எலும்பு முற்ற வேண்டும், வேகம் குறையாமல் வேலியை அளந்து கால் எடுக்கப் பழக வேண்டும். அயர்லாந்தில் மூன்று வயதுக் குதிரையை வாங்கித் தாண்டப் பழக்கி, நான்கு வயதில் ஒரு பாயிண்ட்-டு-பாயிண்டில் ஓடவிட்டு, ஜெயித்தால் உடனே ஏலத்துக்குக் கொண்டுபோவதையே பிழைப்பாகக் கொண்டவர்கள் உண்டு. இங்கிலாந்தின் செல்டனம் மைதானத்தில் பந்தயம் முடிந்த கையோடு இத்தகைய குதிரைகள் ஏலம் போகின்றன. ஆக, ‘அமெச்சூர்’ என்பது சேணத்தில் இருப்பவருக்குத்தான் பொருந்தும். குதிரை வியாபாரம் அசல் தொழில்.

வாங்குபவர் வெற்றியை மட்டும் பார்ப்பதில்லை. 1999இல் அயர்லாந்தின் லிஸ்மோரில் சேற்றில் ஓடிய ஓர் இளம் குதிரை பந்தயத்தை முடிக்கவே இல்லை. ஜாக்கி பாதியில் நிறுத்திவிட்டார். ஆனால் அதன் உடற்கட்டும் நடையும் ஆங்கிலப் பயிற்சியாளர் ஹென்ரியெட்டா நைட்டின் கண்ணில் பட்டன. அந்தக் குதிரைதான் பெஸ்ட் மேட். 2002 முதல் 2004 வரை தொடர்ந்து மூன்று முறை செல்டனம் தங்கக் கோப்பையை வென்றது. 2008இல் அதே கோப்பையை வென்ற டென்மனும் அயர்லாந்துப் பாயிண்ட்-டு-பாயிண்டில் ஜெயித்து மேலே வந்ததுதான்.

ஜாக்கிக்கு என்ன லாபம்?

கூட்டத்தோடு கூட்டமாக வேலியை நோக்கிப் பாயும்போது எந்த இடைவெளியில் நுழைவது, களைத்த குதிரையை எப்படித் தாங்கிப் பிடிப்பது என்பதைத் தனிப் பயிற்சியில் முழுதாகக் கற்க முடியாது. ஓடித்தான் பழக வேண்டும். அயர்லாந்து ஜாக்கி ரேச்சல் பிளாக்மோர் அமெச்சூராக இப்படிப் பல ஆண்டுகள் ஓட்டியவர். 2015இல் தொழில்முறைக்கு மாறினார். 2021இல் இங்கிலாந்தின் புகழ்பெற்ற வேலி தாண்டும் பந்தயமான கிராண்ட் நேஷனலை வென்ற முதல் பெண் ஜாக்கியானார்.

மாறியதும் கைதூக்கிவிட ஓர் ஏற்பாடு இருக்கிறது. பிரிட்டனில் புதிய ஜாக்கியின் குதிரை 20 வெற்றிவரை 7 பவுண்டு குறைவாகச் சுமக்கலாம். 40 வெற்றிவரை 5, 75 வரை 3. அனுபவம் போதாத குறையை எடைச்சலுகை ஈடுகட்டுவதால் பயிற்சியாளர்கள் புதியவர்களுக்கும் குதிரை தருகிறார்கள்.

சிங்கப்பூரில் இந்தப் படி எங்கே?

ரீட்டும் மற்றவர்களும் தொடங்கிய பந்தய மன்றம் 1924இல் சிங்கப்பூர் டர்ஃப் கிளப் ஆனது. பந்தயம் 1933இல் புக்கிட் தீமாவுக்கும் 1999இல் கிராஞ்சிக்கும் இடம் மாறியது. அங்கு நடந்தது சமதளப் பந்தயம். குதிரைகள் பெரும்பாலும் ஆஸ்திரேலியா, நியூசிலாந்திலிருந்து வந்தன. இளம் ஜாக்கிகளை மன்றமே பயிற்சிப் பள்ளி நடத்தி உருவாக்கியது. எடைச்சலுகை இங்கும் இருந்தது. தமிழ்நாட்டில், ஊட்டியின் வென்லாக் டவுன்ஸில் வேட்டைக் குழு பாயிண்ட்-டு-பாயிண்ட் நடத்தியதுண்டு. ஆனால் அதுவும் சென்னையின் கிண்டிப் பந்தயத்துக்கு ஆள் அனுப்பும் வழியாக வளரவில்லை.

சிங்கப்பூரில் அமெச்சூருக்கும் தொழிலுக்கும் உறவு இருந்தது, எதிர்த்திசையில். 1951இல் தொடங்கிய புக்கிட் தீமா சேடல் கிளப், ஓய்வுபெற்ற பந்தயக் குதிரைகளை மறுபடி பழக்கிப் பொழுதுபோக்குச் சவாரிக்குத் தந்தது. குதிரை மேலிருந்து கீழே வந்தது. கீழிருந்து மேலே போகவில்லை.

கிராஞ்சியின் சுமார் 120 ஹெக்டர் நிலம் வீடமைப்பு உள்ளிட்ட தேவைகளுக்காகத் திரும்பப் பெறப்படும் என 2023 ஜூனில் அறிவிப்பு வந்தது. பந்தய நாளுக்கு 2010இல் சராசரியாக 11,000 பேர் வந்த இடத்தில் கொவிட்டுக்குப் பிறகு 2,600 பேர்தான் வந்தார்கள். அமெச்சூர் ஓட்டங்கள் இருந்திருந்தால் மைதானம் தப்பியிருக்கும் என்று வாதிட முடியாது. நிலத்தின் கணக்கு வேறு. ஆனால் ஒரே மைதானம், ஒரே மன்றம், இறக்குமதிக் குதிரைகள் என்றிருந்த விளையாட்டை ஓர் அறிவிப்பால் முடிக்க முடிந்தது. அயர்லாந்தில் ஒரு பெரிய மைதானத்தைப் பூட்டினாலும், அடுத்த ஞாயிறு ஏதோ ஒரு விவசாயி நிலத்தில் வேலி கட்டி ஓட்டத்தை நடத்திவிடுவார்கள்.