மண்ணித்தலையில் ஒரு நிழற்படம்

பூநகரியிலிருந்து மேற்கே கௌதாரிமுனைக்குப் போகும் வழியில் பனைகள் குறையக் குறைய வெண்மணல் தொடங்கும். ஒருபுறம் யாழ்ப்பாணக் கடனீரேரி. மறுபுறம் பாக்குக் கடல். அம்மணலின் நடுவே, மண்ணித்தலையில், சோழர் காலத்தது என்று சொல்லப்படும் பழைய சிவன் கோயில் நிற்கின்றது. அங்குள்ள மணற்றிட்டிகளைப் படம் பிடிக்கவே சென்ற ஆவணியிற் போயிருந்தேன்.

முதன்முறை போனது 1979 இல். ஆசிரியனாகப் பூநகரிக்கு மாற்றம் பெற்று வந்த புதிது. அந்நாளிற் கேரதீவிலே பாதையில் ஏறிச் சங்குப்பிட்டியில் இறங்குவோம். பாலம் வந்தது 2011 இலேதான். கையில் ஒரு பழைய யசிக்கா கமரா. அந்தி வெயிலில் மணலின் மடிப்புகளையும் பனைகளின் நீண்ட நிழல்களையும் சலிக்காமல் எடுத்தேன். நண்பர்கள் மெச்சினார்கள், நானும் மகிழ்ந்து போனேன்.

2008 இல் ஊரைவிட்டு எழுந்தபோது நெகற்றிவ்களை ஒரு பிஸ்கற் தகரத்தில் அடைத்துக் கொண்டுபோய்த் தருமபுரத்தில் ஒரு வேம்பினடியிற் புதைத்தேன். திரும்பி வந்து தேடியபோது வேம்பும் இல்லை, தகரமும் இல்லை.

நெடுநாள் அதற்காக வருந்தினேன். இன்று எண்ணிப் பார்க்கையில், அவை கிடைத்திருந்தாலும் பெரிதும் உதவியிரா என்றே தோன்றுகிறது. எங்கே நின்று எடுத்தேன், எந்த மாதம், திட்டியின் உயரம் எவ்வளவு என்பதை அவற்றுள் ஒன்றேனும் சொல்லாது. அழகை எடுத்தேனேயன்றி இடத்தை எடுத்தேனல்லேன்.

மணற்றிட்டி ஓரிடத்தில் நிற்பதன்று. சோளகம் ஒருபுறம் தள்ளும். வாடை மறுபுறம் தள்ளும். இராவணன் மீசைப் புல்லும் அடம்பன் கொடியும் அதை இயன்றவரை பிடித்து வைக்கும். மாரிமழை மணலூடே இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் நன்னீராய்த் தங்கும். கடலருகே தோண்டிய துரவிலும் குடிநீர் கிடைப்பது அதனாலன்றோ! மணலை வாரினால் நன்னீர் தங்க இடமில்லை, உவர் மேலேறும். மொட்டைக்கறுப்பன் விளைந்த பூநகரி வயல்களுக்கு உவர் எத்தகைய பகை என்பதைக் கமக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

போர் ஓய்ந்தபின் வீடும் தெருவும் கட்ட மணல் வேண்டியிருந்தது, டிப்பர்கள் வந்தன. வீடிழந்தவனைப் பார்த்து மணல் அள்ளாதே என்று சொல்ல எனக்கு வாய் வராது. என் வீட்டுச் சுவரிலும் அம்மணல் இருக்கக்கூடும்.

ஜேம்ஸ் பேலொக் என்னும் அமெரிக்க நிழற்படக்காரர் 2007 முதல் பனியாறுகளின் எதிரே கமராக்களைப் பாறைகளில் இறுகப் பொருத்தி, ஒரே காட்சியை ஆண்டுக்கணக்காக எடுக்கச் செய்தார். பனி பின்வாங்குவது அப்படங்களிற் கண்கூடாகத் தெரிந்தது. நம் மணலிலே பாறை ஏது? அசையாமல் நிற்பது கோயில் ஒன்றுதான்.

வலை உலர்த்திக்கொண்டிருந்த இளைஞன் ஒருவன் அருகே வந்தான்.

"ஐயா, இந்தத் திட்டி எப்பவும் இவ்வளவுதானே?"

"இல்லைத் தம்பி, உன்னைப்போல மூண்டாள் உயரம் நிண்டது."

"அப்பிடியெண்டால் படம் இருக்கோ?"

என்னிடம் விடை இல்லை. திட்டியின் ஒரு பக்கத்தைக் காட்டினேன். காற்று எடுத்த மணல் சரிவாய் வழிந்து கிடக்கும். இதுவோ செங்குத்தாய் வெட்டுண்டு, புல்லின் வேர்கள் வெளியே தொங்கின. அவன் குனிந்து அவ்வேர்களைத் தொட்டுப் பார்த்தான்.

கோயிலின் மூலைக்கல்லில் குதிக்காலை வைத்து நின்றேன். அடிக்கு அடி கரிக்கோடு இட்ட ஆறடிப் பனஞ்சலாகை ஒன்றைத் தம்பி திட்டியின் அடியில் நட்டுப் பிடித்துக்கொண்டான். உச்சி வெயில், நிழலே இல்லை. படமும் பார்க்க ஒன்றுமில்லாத படம். அதன் பின்புறத்திலே திகதியையும் மணியையும் நின்ற இடத்தையும் எழுதி வைத்தேன்.

சலாகை அவனுடைய வாடிக்கூரையிற் செருகியிருக்கிறது. அடுத்த ஆவணிக்கும் வேண்டும், விறகாக்கிவிடாதே என்று சொல்லி வந்திருக்கிறேன்.