பனிக்காலம் கழிகையில் பறவைகளைக் கவனித்தல்

மாசி மாதம் பிறந்ததும் டில்லி நகரில் காலைப் பனி மெல்ல விலகத் தொடங்குகிறது. குளிர்நாட்களில் குரலடங்கியிருந்த குக்குறுவான், மரத்தின் உச்சிக் கிளையில் அமர்ந்து, செம்புப் பாத்திரத்தைத் தட்டுவது போன்ற ஒலியை ஒரே சீராக எழுப்புகிறது. மங்கிய நிறத்துடன் திரிந்த ஆண் ஊதாத் தேன்சிட்டு, பழைய இறகுகளை உதிர்த்து, மின்னும் கருநீலம் பூணுகிறது. யமுனைப் படித்துறைகளிலோ, குளிர்காலத்தைக் கழிக்க வந்த கடற்காகங்களின் வெண்மையான தலை நாளுக்கு நாள் கருமையடைகிறது. முன்னிரண்டும் இங்கேயே இனம் பெருக்குபவை; கடற்காகங்களோ வடதிசைப் பயணத்திற்கு ஆயத்தமாகின்றன.

இம்மாறுதல்களுக்கு வெயிலின் வெப்பமே காரணம் என்று எண்ணத் தோன்றும். ஆனால் முதன்மையான காரணம் பகற்பொழுதின் நீளமேயாகும். டில்லியில் டிசம்பர் இறுதியில் ஏறத்தாழ 10 மணி 20 நிமிடமாக உள்ள பகல், மார்ச் இறுதியில் 12 மணி நேரத்தைக் கடந்துவிடுகிறது. 1920-களில் கனடா நாட்டு விஞ்ஞானி வில்லியம் ரோவன், கடுங்குளிரில் திறந்தவெளிக் கூண்டுகளில் வைத்திருந்த சிறு பறவைகளுக்கு, மாலைதோறும் மின்விளக்கொளியைக் கூட்டிக்கொண்டே வந்தார். குளிர் சற்றும் குறையாதிருந்தும், வசந்த காலத்திற்போல அவற்றின் இனப்பெருக்க உறுப்புகள் வளர்ந்தன. மண்டையோட்டை ஊடுருவிச் செல்லும் ஒளியை மூளையின் உட்பகுதியிலுள்ள உணர்விகள் அறிகின்றன என்பதும், அதன் விளைவாகச் சுரக்கும் ஹார்மோன்களே பாட்டையும் கூடு கட்டுதலையும் தூண்டுகின்றன என்பதும் பின்னர்த் தெளிவாயின. இமயத்தைக் கடக்கவிருக்கும் வரித்தலை வாத்து போன்ற பறவைகள் பயணத்திற்கு முன் உடலில் கொழுப்பைச் சேமிப்பதற்கும் நீளும் பகலே தூண்டுதலாகிறது.

இவற்றைக் கவனிப்பதற்கு ஒரு குறிப்பேடும் நாள்தோறும் கால்மணி நேரமும் போதும். ஒரே இடத்தில், ஒரே வேளையில் நின்று, கண்ட பறவைகளின் பெயரையும் எண்ணிக்கையையும் எழுதி வருதல் வேண்டும். இங்கு ஒரு நுட்பம் உண்டு. வரும் பறவை கண்ணில் படுகிறது. போகும் பறவை படுவதில்லை. புல்வெளியில் வாலை அசைத்துத் திரிந்த வெள்ளை வாலாட்டி என்று சென்றது என்று கேட்டால், பெரும்பாலோர்க்கு விடை தெரியாது. ஆகையால், ‘இன்று காணவில்லை’ என்பதையும் தவறாது எழுத வேண்டும். கடைசியாகக் கண்ட நாள் அப்போதுதான் கிடைக்கும்.

பருவத்தோடு சென்ற பறவை அடுத்த பருவத்தில் திரும்பி வரலாம். ஆண்டுதோறும் சிறிது சிறிதாகக் குறைந்து வரும் பறவையின் மறைவையோ எவரும் உணர்வதில்லை. 2023-ஆம் ஆண்டில் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை, 30,000-க்கும் மேற்பட்ட ஆர்வலர்கள் அளித்த குறிப்புகளை அடிப்படையாகக் கொண்டது. நீண்டகாலப் போக்கைக் கணிக்கப் போதிய விவரம் கிடைத்தவை 338 இனங்கள். அவற்றுள் 60 சதவீதம் குறைந்து வருவதாக அது தெரிவிக்கிறது. நமக்குப் பழகிய பனங்காடையும் குறைந்துவரும் பறவைகளுள் ஒன்றாகும்.

இக்குறைவைப் புலப்படுத்தியவை பெரும்பாலும் சாதாரண மக்கள் எழுதி வைத்த நாட்குறிப்புகளே. பறவை ஒன்றும் தென்படாத காலையிலும் ஏட்டைத் திறந்து தேதியிடுவது வீண் வேலையன்று.