காக்கிக்கு முன் ஒரு கோடை

விடிவதற்கு முன்பே விசில். விரிப்பைச் சுருட்டி, கொசுவலையை மடித்து, ஷூ லேஸ் கட்டி, மைதானத்தில் ‘ஃபால் இன்’ ஆகியிருக்க வேண்டும். வீட்டில் அம்மா மூன்று தடவை எழுப்பினாலும் புரண்டு படுக்கிற பிள்ளைகள்தான் இவர்கள். தேசிய மாணவர் படையான என்.சி.சி.யின் வருடாந்திரப் பயிற்சி முகாமுக்கு வந்துவிட்டால், இரண்டு மூன்று நாட்களிலேயே விசிலுக்கு முன்னால் கண் விழிக்கப் பழகிவிடுகிறார்கள்.

அமெரிக்காவின் வெஸ்ட் பாயின்ட் ராணுவ அகாடமி, கோடையில் பள்ளி மாணவர்களை ஒரு வாரம் அழைத்து, கேடட் வாழ்க்கை எப்படி இருக்கும் என்று காட்டி அனுப்புகிறது. திண்டுக்கல் சமவெளியில் ஒட்டன்சத்திரம், வேடசந்தூர், நிலக்கோட்டை பக்கமிருந்து கல்லூரிக்கு வரும் மாணவருக்கு அதற்கு நெருக்கமாகக் கிடைப்பது இந்தப் பத்து நாள் முகாம்தான். விண்ணப்பக் கட்டுரையோ விமான டிக்கெட்டோ வேண்டாம். தட்டு, டம்ளர், போர்வை, பூட் பாலிஷ் இருந்தால் போதும்.

முகாமில் பெரிய ஈர்ப்பு துப்பாக்கிதான். புள்ளி 22 ரைஃபிளோடு குப்புறப் படுத்து, கால்களை விரித்து, கட்டையைத் தோளில் அழுத்தி, மூச்சை அரைவாசியில் நிறுத்தி விசையை இழுக்க வேண்டும். குண்டுகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கமாக விழுந்திருக்கின்றன என்பதைத்தான் முதலில் பார்ப்பார்கள். நடுவட்டத்தில் பட்டதா என்பதெல்லாம் அப்புறம். ‘சாவ்தான்’, ‘விஷ்ராம்’ என்று இந்தியில் வரும் கட்டளைகளுக்குக் கால்கள் தானாகவே பழகிவிடும். ராத்திரி பெல்ட் பக்கிளை ப்ராசோ போட்டுத் தேய்ப்பது தனி வேலை.

திண்டுக்கல்லுக்கு ராணுவம் புதிதல்ல. 1755 வாக்கில் மைசூர் அரசின் ஃபௌஜ்தாராக இங்கே வந்த ஹைதர் அலி, பிரெஞ்சுக்காரர்களின் உதவியோடு ஆயுதச் சாலை அமைத்தது இந்த ஊரில்தான்.

முகாமில் கழித்த நாட்களுக்கு ஏட்டிலும் மதிப்பு உண்டு. என்.சி.சி. ‘சி’ சான்றிதழில் குறைந்தது ‘பி’ கிரேடும், பட்டப்படிப்பில் 50 சதவீத மதிப்பெண்ணும் இருந்தால், சிறப்பு நுழைவு வழியாக சென்னை பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமிக்கு விண்ணப்பிக்கலாம். 1963-ல் தொடங்கிய அகாடமி அது. 1992 முதல் பெண்களுக்கும் பயிற்சி தருகிறது. இந்த வழியில் யு.பி.எஸ்.சி. எழுத்துத் தேர்வு கிடையாது. நேரே எஸ்.எஸ்.பி. எனும் ராணுவத் தேர்வு வாரியத்தின் நேர்முகத் தேர்வு! இடங்கள் என்னவோ சொற்பம்தான்.

விமானப் பிரிவு கேடட்டுகளில் சிலருக்கு துண்டிகல் விமானப்படை அகாடமியில் சில நாட்கள் தங்கிப் பயிற்சி பெறும் வாய்ப்பும் உண்டு. அது ஹைதராபாத் பக்கம். பெயரைப் பார்த்து நம்மூர் பஸ் ஸ்டாண்டில் விசாரிக்க வேண்டாம்.

நம் பிள்ளைகளில் பலரும் திணறுவது எஸ்.எஸ்.பி.யில்தான். ஐந்து நாள் தேர்வில் முதல் நாளே வடிகட்டல். மங்கலான ஒரு படத்தை 30 விநாடி காட்டுவார்கள். நான்கு நிமிடத்தில் அதை வைத்து ஒரு கதை எழுத வேண்டும். பிறகு குழுவாக உட்கார்ந்து, ஆளுக்கொரு கதை சொல்லி, எல்லோருக்கும் பொதுவாக ஒரு கதைக்கு வந்து சேர வேண்டும். பேச்சு ஆங்கிலத்தில் அல்லது இந்தியில். தேறாதவர்கள் அன்றே பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் திரும்ப வேண்டியதுதான். தாண்டியவர்களுக்கு மறுநாள் 60 சொற்கள் காத்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் 15 விநாடிக்குள் மனதில் பட்டதை எழுத வேண்டும். யோசித்து நல்ல பிள்ளையாக வேஷம் போட அவகாசமே கிடையாது.

ஓட்டம், தண்டால், கயிறு ஏறுதல் எல்லாம் காட்டு வேலை பார்த்து வளர்ந்த பையனுக்குப் பெரிய விஷயமில்லை. எட்டுப் பேர் ஒரே நேரத்தில் பேசும்போது நடுவில் புகுந்து தன் கருத்தைச் சொல்வதுதான் மலை. கோச்சிங் விளம்பரங்கள் தசையைக் காட்டியே காசு வாங்குகின்றன. உண்மையில் கோடை விடுமுறையில் செய்ய வேண்டியது, நண்பர்கள் நாலு பேர் தினமும் ஒரு செய்தியை எடுத்து, தப்பும் தவறுமாகவாவது ஆங்கிலத்தில் அடித்துப் பேசிப் பழகுவது. அதற்குக் கட்டணம் கிடையாது.

பிளஸ் டூ முடித்த கையோடு என்.டி.ஏ. எனும் தேசியப் பாதுகாப்பு அகாடமிக்கான தேர்வு எழுதுகிறவர்களுக்கும் இதே கதைதான். கணிதத்துக்கு 300, பொதுத்திறனுக்கு 600, எஸ்.எஸ்.பி.க்கு 900 மதிப்பெண்கள். பாதி எடை அந்த ஐந்து நாட்களில் இருக்கிறது. உச்ச நீதிமன்றத்தின் 2021-ம் ஆண்டு உத்தரவுக்குப் பிறகு பெண்களுக்கும் கதவு திறந்தது. அந்த அகாடமி இருக்கும் கடக்வாஸ்லாவில் மூன்றாண்டுப் பயிற்சி முடித்த முதல் பெண்கள் அணியின் 17 பேர் 2025 மே மாதம் வெளியே வந்தார்கள்.

இன்னும் சின்ன வயதிலேயே தொடங்க நினைப்பவர்களுக்குப் பழனி, உடுமலை தாண்டினால் அமராவதிநகர் சைனிக் பள்ளி, 1962-ல் தொடங்கியது. ஆறாம் வகுப்பு நுழைவுத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். மொத்தம் 300 மதிப்பெண்ணில் 150 கணிதத்துக்கே போகிறது. ஒன்பதாம் வகுப்பில் சேர நினைத்தால் வினாத்தாள் ஆங்கிலத்தில் மட்டும். இந்த வித்தியாசம் தெரியாமல் ‘எட்டாவது முடியட்டும், பார்க்கலாம்’ என்று தள்ளிப்போடும் பெற்றோர் உண்டு.

கல்லூரியில் சேர்பவர்களும் நாள் கடத்த முடியாது. என்.சி.சி.க்கு ஆள் எடுப்பது பெரும்பாலும் முதலாண்டு வகுப்புகள் தொடங்கிய கொஞ்ச நாட்களிலேயே. ‘பி’ சான்றிதழ் இரண்டாம் ஆண்டில், ‘சி’ மூன்றாம் ஆண்டில். அணிவகுப்பு வருகை 75 சதவீதம் இருக்க வேண்டும். முகாம்களுக்கும் போயிருக்க வேண்டும். ‘அடுத்த வருஷம் சேர்ந்துக்கலாம்’ என்று விட்டால், மூன்றாண்டுப் பட்டம் முடியும்போது கையில் ‘பி’ மட்டும்தான் இருக்கும். அதை வைத்துப் பரங்கிமலைக்குச் சிறப்பு நுழைவில் விண்ணப்பிக்க முடியாது.