கணவாய் கடக்கும் மிதிவண்டி

இமாசலப் பிரதேசத்தின் மணாலியிலிருந்து லடாக்கின் லே நகருக்குச் செல்லும் மலைச்சாலையில், கோடைக்காலத்தில் மிதிவண்டி வீரர்கள் பலர் பயணம் செய்கின்றனர். மணாலி ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில், தேவதாரு மரங்கள் சூழ அமைந்துள்ளது. 3,978 மீட்டர் உயரமுள்ள ரோதாங் கணவாயைக் கடந்தபின் பசுமை குறைந்து, வறண்ட மலைகள் தோன்றும். பாரலாச்சா லா, லாச்சுலுங் லா ஆகியவற்றைத் தாண்டினால், 5,300 மீட்டருக்கும் மேல் உயர்ந்த டங்லங் லா எதிர்ப்படும். லடாக்கி மொழியில் ‘லா’ என்றால் கணவாய்.

அவ்வுயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய பாதியே. எனவே, ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் உயிர்வளியும் பாதியாகக் குறைகிறது. வலிமை மிக்கவரும் விரைந்து ஏறினால் தலைவலியும் குமட்டலும் கொள்வர். அவை தோன்றினால் மேலும் ஏறாமல் ஓய்வெடுத்தல் வேண்டும். முற்றினால் உடனே கீழிறங்க வேண்டும். இன்றேல் உயிருக்கே இடர் நேரும். 3,000 மீட்டருக்கு மேல், இரவில் தங்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மிகாமல் உயர்த்துவது நலம்.

பிற்பகலில் பனி உருகிச் சாலையின் குறுக்கே ஓடைகள் பெருகும்; ஆதலால் வீரர்கள் விடியலிலேயே புறப்படுவர். மலையைக் கடக்கக் கால்வலிமையுடன் பொறுமையும் வேண்டும். தேவையானபோது திரும்பி இறங்குவது தோல்வியன்று, அறிவுடைமையே.

அருஞ்சொற்பொருள்
கணவாய் – மலைகளுக்கு இடையே அமைந்த வழி
உயிர்வளி – ஆக்சிஜன்
இடர் – துன்பம்

வினாக்கள்
1. உயரமான கணவாய்களில் மூச்சு வாங்குவது ஏன்?
2. வீரர்கள் விடியலில் புறப்படுவதன் காரணம் யாது?