கூட்டத்தைச் சேர்த்த செல்போன்

2019இல் ஹாங்காங் தெருக்களில் இறங்கிய லட்சக்கணக்கானோருக்குத் தலைவர் என்று ஒருவர் இல்லை. டெலிகிராம் குழுக்களில் வாக்கெடுத்து, அடுத்து என்ன செய்வது என்று முடிவு செய்தார்கள். அருகிலுள்ள ஐபோன்களுக்குக் கோப்பு அனுப்பும் ஏர்டிராப் வழியே முன்பின் அறியாதவர்களுக்கும் துண்டறிக்கை போய்ச் சேர்ந்தது. தலைவரைக் கைதுசெய்து போராட்டத்தை முடிக்கும் பழைய உத்தி இதனால் பலிக்கவில்லை. ஆனால் அதே போராட்டக்காரர்கள், அன்றாடம் பயன்படுத்தும் ஆக்டோபஸ் பயண அட்டையைப் பைக்குள் வைத்துவிட்டு, ரொக்கத்தில் ரயில் டிக்கெட் வாங்க வரிசையில் நின்றார்கள். அட்டையைக் காட்டினால் ஏறிய நிலையமும் இறங்கிய நேரமும் பதிவாகிவிடும் அல்லவா? டெலிகிராமிலும் ஓட்டை இருந்தது. தொலைபேசி எண்களை மொத்தமாகத் தொடர்புப் பட்டியலில் ஏற்றி, குழுவில் இருப்பவர் யார் என்று துப்பறிய முடிந்தது.

இப்படித் தடம் பதிவாவதைத் தவிர்க்க, செல்போனை வீட்டில் விட்டுவிட்டு வரலாமே என்பது எளிய யோசனை. ஆனால் அது இல்லாமல் அந்தக் கூட்டமே சேர்ந்திருக்காது. குறியாக்கம் காப்பாற்றும் என்பாரும் உண்டு. அது செய்தியைத்தான் மறைக்கும்; யார் யாரோடு, எப்போது பேசினார் என்பதைப் பெரும்பாலும் மறைப்பதில்லை. இவற்றைவிடப் பெரிய சிக்கல், கருவி யார் கையில் என்பது. காவலர் நடமாட்டத்தைக் காட்டிய எச்கேமேப் லைவ் செயலியைச் சீன அரசு ஊடகம் கண்டித்த கையோடு, அதே ஆண்டு அக்டோபரில் ஆப்பிள் தன் செயலிக் கடையிலிருந்து நீக்கியது. ஆனால் அந்தச் செயலியின் இணையதளம் தொடர்ந்து இயங்கியது.